தச்சரின் தாயார்

கடற்கரையில் நடப்பது என்றால் நமக்கெல்லாம் மாலை ஆறு மணி, கொஞ்சம் காற்று, ஒரு பொட்டலம் சுண்டல். மிஞ்சிப் போனால் ஒரு கிலோமீட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடலை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், விஷயம் வேறு. மணலில் கால் புதையும். அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவு. நாள் முழுக்க ஒரு கால் உயரத்திலும் ஒரு கால் பள்ளத்திலும். உதட்டில் உப்பு. தூரத்தில் தெரிகிற முனை எவ்வளவு நடந்தாலும் அங்கேயே நிற்கும். சாயங்காலம் ஆனதும் இயற்கை அழகெல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும். ராத்திரி எங்கே படுப்பது?

பயணப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் யார் வேண்டுமானாலும் வர்ணித்துவிடலாம். படுத்த இடத்தைப் பற்றி எழுதும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். கதவைத் தட்டினாரா, தட்டியதும் திறந்தார்களா, திறந்தவர் பெயர் ஞாபகம் இருக்கிறதா?

இந்த வாரம் அப்படி ஒரு கதவைப் பற்றி. 300 வருஷத்துக்கு மேலாக உலகம் கொண்டாடும் ஒரு புத்தகத்தில் இடம் பெறாமல் போன கதவு.

பாஷோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1916ல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதியபோதே அவர் தமிழுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் நம் ஊரில் ஹைக்கூ எழுதாத கவிஞர் குறைவு. ஆனால் பாஷோவின் பெரிய சாதனை என்று ஜப்பானியர்கள் சொல்வது தனித்தனி ஹைக்கூக்களை அல்ல. 'ஓகு நோ ஹொசோமிச்சி' என்ற சின்னஞ்சிறு பயண நூலை. ஓகு என்றால் உட்பகுதி, தொலைதூர வடக்கு. அங்கே போகும் ஒடுங்கிய பாதை. உரைநடையும் நடுநடுவே ஹைக்கூவுமாகப் போகும். ஒரே மூச்சில், இரண்டு காபிக்குள் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் நொபுயுகி யுவாசா செய்த பெங்குயின் பதிப்பு 1966ல் வந்தது. டொனால்ட் கீன் செய்தது 1996ல். இரண்டுமே நல்ல மொழிபெயர்ப்புகள்.

1689 வசந்தத்தில், எடோவிலிருந்து - இன்றைய டோக்கியோ - பாஷோ கிளம்புகிறார். வயது 45. குடிசையை விற்றாகிவிட்டது. கூட சோரா என்ற சீடர், பாஷோவை விட ஐந்து வயது இளையவர். கிளம்பும்முன் தலையை மழித்துக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டவர். இருவரையும் பார்த்தால் பிட்சுக்கள் மாதிரி இருக்கும். வடக்கே போய், மேற்கே திரும்பி, ஜப்பான் கடலோரமாகவே இறங்கி, ஓகாகி என்ற ஊரில் புத்தகம் முடிகிறது. ஐந்து மாதம், சுமார் 2400 கிலோமீட்டர். சில இடங்களில் படகு, சில இடங்களில் குதிரை. மீதி எல்லாம் வைக்கோல் செருப்பு.

படுத்த இடங்களைப் பற்றி பாஷோ கூச்சமில்லாமல் எழுதுகிறார். ஈசுகா என்ற ஊரில் மண் தரையில் பாய், விளக்குகூட இல்லை, கூரை ஒழுகுகிறது, கொசு, தெள்ளுப்பூச்சி, போதாக்குறைக்குப் பழைய வயிற்று நோய் வேறு. இன்னொரு மலைப் பாதையில் எல்லைக் காவல்காரன் வீட்டில் மழைக்கு ஒதுங்கி மூன்று நாள். அங்கே பேனும் குதிரை மூத்திரமும் ஹைக்கூவாகவே ஆகிவிட்டன. நன்றி சொல்லவும் தயங்குவதில்லை. ஒபனாசவாவில் தங்க வைத்த வணிகர் சேய்ஃபூவைப் பணக்காரராக இருந்தும் நல்ல மனசுக்காரர் என்று பாராட்டுகிறார். நாசு சமவெளியில் வழி தெரியாமல் நின்றபோது தன் குதிரையைக் கொடுத்தனுப்பிய விவசாயியும் இருக்கிறார். குதிரை பின்னால் ஓடி வந்த அவர் வீட்டுக் குட்டிப் பெண்ணின் பெயர்கூட இருக்கிறது.

ஆக, ஆள் நன்றி கெட்டவர் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

புத்தகத்தில் ஓர் இடத்தில் திடீரென்று வேகம் கூடிவிடுகிறது. ஜப்பான் கடலோரத்தில் எச்சிகோ என்ற மாகாணம். இன்றைய நீகாட்டா. நீளமான கரை. வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டி, உடம்பு சரியில்லாமல் போய், அந்த ஒன்பது நாளைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். கூடவே இரண்டு ஹைக்கூ. அதில் ஒன்று சாடோ தீவைப் பற்றியது. ஜப்பானில் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த கவிதை. அவ்வளவுதான், எச்சிகோ தாண்டிவிட்டது.

அடுத்தது அந்தக் கரையின் மகா மோசமான பகுதி. மலைத்தொடர் ஒன்று நேராகக் கடலில் இறங்குகிறது. முந்நூறு நானூறு மீட்டர் உயரப் பாறைச் சுவர், அதன் காலடியில் பட்டையாகக் கொஞ்சம் கரை, அதையும் அலை வந்து வந்து மூடும். அலை பின்வாங்கும்போது ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் பாறைப் பொந்தில் ஒதுங்க வேண்டும். ஓயாஷிராசு, கோஷிராசு என்று பெயர். பெற்றவரைத் தெரியாது, பிள்ளையைத் தெரியாது என்று அர்த்தம். அந்த இடத்தில் அப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க முடியாது, அவரவர் உயிர் அவரவர் பாடு. ஒரு தாய் தன் குழந்தையை அங்கே அலைக்குப் பறிகொடுத்த பழைய கதையும் உண்டு. பாறையைக் குடைந்து மேலே பாதை போட்டது 1883ல்தான். பாஷோ காலத்தில் அலையோடு ஓடியே தீரவேண்டும்.

அதைத் தாண்டினால் இச்சிபுரி. ஒரு சோதனைச் சாவடியும் சில சத்திரங்களும் உள்ள சின்ன ஊர். களைத்துப் போய்ச் சீக்கிரமே தலையணையை இழுத்துப் போட்டுப் படுத்துவிட்டதாக பாஷோ எழுதுகிறார். தூக்கம் வருவதற்குள் அடுத்த அறையிலிருந்து பேச்சுக் குரல். இளம் பெண்கள் இரண்டு பேர் இருக்கும் போல. நடுவில் ஒரு வயசானவர் குரல். காதில் விழுந்ததை வைத்துப் புரிகிறது. அந்தப் பெண்கள் நீகாட்டா துறைமுகத்துப் பரத்தையர். இசே என்ற புண்ணியத் தலத்துக்கு யாத்திரை போகிறார்கள். சாவடி வரை துணைக்கு வந்த பெரியவர் காலையில் ஊர் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டே, தங்கள் பிழைப்பை நினைத்துப் புலம்புகிறார்கள். கேட்டபடியே பாஷோ தூங்கிவிடுகிறார்.

காலையில் கிளம்பும்போது இரண்டு பெண்களும் எதிரே வந்து நிற்கிறார்கள். கண்ணில் நீர். வழி தெரியாது, பயமாக இருக்கிறது, நீங்கள் துறவிக் கோலத்தில் இருக்கிறீர்கள், பின்னாலேயே கொஞ்சம் தள்ளி வருகிறோமே என்று கெஞ்சுகிறார்கள். பாஷோ மறுத்துவிடுகிறார். நாங்கள் போகிற வழியில் பல இடங்களில் தங்கவேண்டியிருக்கும், மற்றவர்கள் போகிற திசையில் நீங்களும் போங்கள், தெய்வம் துணையிருக்கும் என்கிறார். சொல்லிவிட்டு நடந்தாலும் மனசு கொஞ்ச நேரம் ஆறவில்லை. ஒரு ஹைக்கூ. அதை சோராவிடம் சொன்னதாகவும் அவர் எழுதி வைத்துக்கொண்டதாகவும் சொல்லி அத்தியாயத்தை முடிக்கிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்கு பாஷோ மேல் கோபம்தான் வந்தது. கொஞ்சம் தள்ளித்தானே வருகிறோம் என்றார்கள்? தெருவில் பின்னால் நடந்து வர அனுமதி வேண்டுமா? அந்தக் காலத்தில் பெண்கள் சாவடி தாண்டுவது லேசான விஷயம் இல்லை. பெண்கள் பயணம் போக அனுமதிச் சீட்டு, சோதனை என்று ஆயிரம் கெடுபிடி. ரூம் இல்லை என்று நேராகச் சொல்லாமல், பக்கத்துத் தெருவில் கேட்டுப் பாருங்களேன் என்று அன்பாகச் சொல்லும் லாட்ஜ்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெய்வம் துணையிருக்கும் என்பது அந்த வகை வாக்கியம்.

*

இப்போது கதையில் ஒரு திருப்பம்.

சோரா ஒரு டைரி எழுதினார். இலக்கியம் ஒன்றும் கிடையாது. தேதி, வானிலை, எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எங்கே படுத்தோம், யாரிடம் கடிதம் கொடுத்தோம். கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி. 1943ல் அது அச்சாகி வெளியே வந்தபோது ஜப்பானிய இலக்கிய உலகம் ஆடிப்போனது. புத்தகமும் டைரியும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

ஒன்பது நாள் என்று பாஷோ சொன்ன எச்சிகோ கரையைக் கடக்க, டைரிப்படி பதினைந்து நாள் பக்கம் ஆகியிருக்கிறது. இச்சிபுரிக்கு வந்த நாள், பழைய ஜப்பானியக் கணக்கில் ஏழாம் மாதம் 12ந் தேதி. நம் கணக்கில் ஆகஸ்ட் கடைசி. வானம் தெளிவாக இருந்தது. நோவு என்ற ஊரிலிருந்து கிளம்பினார்கள். ஹயகாவா ஆற்றைக் கடக்கும்போது குருநாதர் தடுக்கி விழுந்து உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. ஆற்று மணலில் கொஞ்ச நேரம் காயப்போட்டார்கள். நண்பகலில் இட்டோயிகாவா, அங்கே சிறிது ஓய்வு. பிற்பகல் நாலு மணி வாக்கில் இச்சிபுரி. தங்கல். அன்றைய நடை மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர்.

அவ்வளவுதான். பக்கத்து அறைப் பெண்களைக் காணோம். பெரியவரைக் காணோம். சோராவிடம் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார் என்கிறாரே பாஷோ, அந்த ஹைக்கூவும் சோராவின் குறிப்பில் இல்லை!

எனக்கு அந்த ஆற்று மணல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஜப்பானின் மகாகவி ஈரத் துணி காய்வதற்காக உட்கார்ந்திருக்கிறார். பாஷோ இதை எழுதவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

சரி, அந்தப் பெண்கள் கற்பனை என்றே பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஏன் கற்பனை செய்ய வேண்டும்? அதற்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. பாஷோவின் தொழில் ரெங்கா வகைச் சங்கிலிக் கவிதை. பலர் உட்கார்ந்து ஒருவர் அடிக்கு இன்னொருவர் அடி தொடுப்பது. அதில் நிலவு வரவேண்டிய இடம், பூ வரவேண்டிய இடம், காதல் வரவேண்டிய இடம் என்று மரபு உண்டு. இந்தப் புத்தகத்தை அப்படி ஒரு சங்கிலியாகப் பார்த்தால், காதலுக்குரிய கண்ணி இச்சிபுரி.

இன்னொரு பதில் சாய்கியோ. 1190ல் இறந்த துறவிக் கவிஞர். பாஷோவுக்குக் கண்கண்ட தெய்வம். இந்தப் பயணமே அவருடைய 500வது நினைவு ஆண்டை ஒட்டியது. சாய்கியோ ஒருமுறை மழையில் எகுச்சி என்ற ஊரில் ஒரு பரத்தை வீட்டுக் கதவைத் தட்டி ஒதுங்க இடம் கேட்டார். அவள் தரத் தயங்கினாள். அவர் கோபித்து ஒரு கவிதை சொல்ல, அவள் அதைவிடச் சிறப்பாக ஒரு கவிதையால் பதில் சொன்னாள். அது பிறகு நோ நாடகமாகவும் ஆனது. அங்கே துறவி கேட்டான், பரத்தை மறுத்தாள். இச்சிபுரியில் பரத்தை கேட்கிறாள், துறவிக் கோலத்தில் இருப்பவன் மறுக்கிறான். திருப்பிப் போட்டிருக்கிறார் மனுஷன்.

இதெல்லாம் புரிந்ததும் கோபம் தணிந்து, ஆஹா என்று ஒரு மரியாதை வருகிறது. 1996ல் பாஷோவின் கையெழுத்துப் பிரதி ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் காகிதத் துண்டு ஒட்டி அதன்மேல் திருத்தி எழுதியிருக்கிறார். பயணம் முடிந்து சில வருஷங்கள் இழைத்து இழைத்துச் செய்த புத்தகம். 1694ல் அவர் இறந்து, 1702ல்தான் அச்சானது. நடந்தது நடந்தபடி என்று அவர் எங்கேயும் சத்தியம் செய்யவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 630 மைல். வீட்டை இழந்த கணவனும் மனைவியும் கூடாரத்தோடு அதில் நடந்ததைச் சொல்லும் 'தி சால்ட் பாத்', ரேய்னர் வின் எழுதியது, 2018ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது, சினிமாவாகவும் ஆனது. 2025 ஜூலையில் 'தி அப்சர்வர்' பத்திரிகை அந்தப் புத்தகத்தின் பின்னணி உண்மைதானா என்று கேள்வி எழுப்பியது. கட்டுரை தவறான எண்ணத்தைத் தருகிறது என்று ஆசிரியர் மறுத்தார். வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பாஷோவை மட்டும் ஏன் யாரும் கூண்டில் ஏற்றவில்லை?

என் பதில் இதுதான். இன்றைய நினைவுக் குறிப்பு, இது நடந்தது என்ற உத்தரவாதத்தோடு விற்கப்படுகிறது. படிப்பவர் அந்த உத்தரவாதத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். அதனால் கேட்க உரிமை உண்டு. பாஷோ தன் வாசகருக்குக் கொடுத்தது வேறு. படிப்பவர்களும் கவிதைக்காரர்கள், சங்கிலியின் விதி தெரிந்தவர்கள். ஆகவே 'பொய் சொல்லிவிட்டார்' என்ற வழக்கை நான் தள்ளுபடி செய்கிறேன்.

ஆனால் இன்னொரு வழக்கு இருக்கிறது. சேர்த்ததைப் பற்றி இல்லை, விட்டதைப் பற்றி.

*

சோராவின் டைரியில் எச்சிகோ பக்கங்களைப் பாருங்கள். பாஷோ எதுவும் எழுதவில்லை என்று சொன்ன அதே நாட்கள்.

ஏழாம் மாதம் 2ந் தேதி, நீகாட்டா. பிற்பகலில் போய்ச் சேர்ந்து ஒரு ராத்திரிக்கு இடம் கேட்கிறார்கள். கண்டவர்களையும் ஒன்றாக அடைக்கும் மலிவுச் சத்திரத்தைத் தவிர வேறு இடம் கிடைக்காது என்று ஆகிவிடுகிறது. அப்போது கென்ஷிச்சி என்ற தச்சரின் தாயார் தன் வீட்டில் இடம் கொடுக்கிறாள். அவளைப் பற்றி சோரா எழுதுவது ஒரே ஒரு அடைமொழி. இரக்கமுள்ளவள்.

5ந் தேதி, காஷிவாசாகி. அறிமுகக் கடிதத்தோடு ஒரு பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். தங்குவதற்கு ஏற்பாடும் பேசப்படுகிறது. ஆனால் என்னவோ நடந்து, மனசு கசந்து வெளியேறிவிடுகிறார்கள். என்ன நடந்தது என்று சோரா எழுதவில்லை. வீட்டிலிருந்து ஆள் இரண்டு தடவை பின்னாலேயே ஓடி வந்து தடுத்தும் நிற்கவில்லை. விட்டு விட்டுத் தூறல். அதில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் கடலோரமாக நடந்து, மாலை ஐந்து மணி வாக்கில் ஹச்சிசாகி என்ற ஊரில் ஒரு சத்திரத்தில் விழுகிறார்கள்.

6ந் தேதி, இன்று நவோயெட்சு என்று சொல்லப்படும் துறைமுகம். இந்தத் தடவை கடிதம் ஒரு கோயிலுக்கு. அங்கே துக்கம். தங்குங்கள் என்று யாரும் வற்புறுத்தவில்லை. கிளம்பிவிடுகிறார்கள். விஷயம் கேள்விப்பட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் ஆள் அனுப்புகிறார். இவர்கள் திரும்பவில்லை. மறுபடி ஆள் வருகிறது. மறுபடி மறுப்பு. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்கிறது. நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள்!

இதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு கல்யாண வீட்டை விட்டுக் கிளம்பிய மாமா, தெருமுனையில் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று மெதுவாக நடப்பாரே, அதே நடை. நாற்பத்தைந்து வயசு, உடம்பு முடியவில்லை, நனைந்த அங்கி, அதற்கு மேல் கவிஞரின் ரோஷம். இந்த பாஷோவை எனக்குப் புத்தகத்து பாஷோவைவிடப் பிடிக்கிறது.

சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது. பத்து நாளைக்குள் மூன்று இடத்தில் படுக்க இடமில்லாமல் தவித்திருக்கிறார்கள். இவர்கள்தான் கேட்டு நின்றவர்கள். மற்றவர்கள்தான் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள். அந்தக் கரையைத் தாண்டி இச்சிபுரிக்கு வந்ததும் புத்தகத்தில் எல்லாம் தலைகீழ். இவர் கதவுக்கு உள்ளே இருக்கிறார். கேட்டு நிற்பவர்கள் இரண்டு பெண்கள். எந்த ஊர்ப் பெண்கள்? நீகாட்டா!

நிஜத்தில், நீகாட்டாவில் ஒரு பெண் அவருக்கு இடம் கொடுத்தாள். புத்தகத்தில், நீகாட்டாப் பெண்கள் அவரிடம் துணை கேட்டு, கிடைக்காமல் போகிறார்கள்.

பாஷோ இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் நிரூபிக்க முடியாது. அந்தக் கரையில் நீகாட்டாதான் பெரிய துறைமுகம், பரத்தையர் என்றால் இயல்பாக அந்த ஊர்தான் வாயில் வரும் என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது ஒரு தடவை நடந்த விபத்து மாதிரியும் தெரியவில்லை. எச்சிகோவுக்கு இரண்டு மாதம் முன்னால், கிழக்குக் கடற்கரையில் இஷினோமாகி. அங்கேயும் நாள் முழுக்க நடை. அந்த ஊரில் எங்கே கேட்டும் யாரும் இடம் தரவில்லை, கடைசியில் ஓர் ஏழைக் குடிசையில் ராத்திரியைக் கழித்தோம் என்று புத்தகம் சொல்கிறது. டைரி சொல்வது வேறு. வழியில் தாகம். வீடு வீடாக வெந்நீர் கேட்டும் கிடைக்கவில்லை. எதிரே வந்த ஒருவர் இரக்கப்பட்டு, தெரிந்தவர் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போய் வெந்நீர் வாங்கித் தருகிறார். இஷினோமாகியில் இன்னாரைக் கேளுங்கள், தங்க இடம் தருவார் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொன்னபடியே கேட்டு அங்கேயே தங்குகிறார்கள்.

அங்கே ஒரு முன்பின் தெரியாத மனிதர். நீகாட்டாவில் ஒரு தச்சரின் தாயார். இரண்டு பேரும் புத்தகத்தில் இல்லை.

ஏன்? நான் முதலில் சொன்னேனே, பாஷோ நன்றி கெட்டவர் இல்லை. குதிரை கொடுத்த விவசாயியை மறக்கவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். கடலோரம் வந்ததும் புத்தகத்துக்கு ஒரு தனிமை தேவைப்படுகிறது. வெறிச்சோடிய கரை, முன்னே கடல், நடுவில் ஒற்றை மனிதன். அந்தப் படத்தில் வெந்நீர்ச் சொம்போடு யாராவது குறுக்கே வந்தால் சோகம் கலைந்துவிடும். அதனால் உதவியவர்களை ஓரமாக நகர்த்திவிட்டார். பாஷோவோடு நின்றதா இது? தனியாக நடந்தேன், தன்னந்தனியாகக் கடந்தேன் என்று எழுதப்படும் எந்தப் பயணக் கதையையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். யாரோ ஒரு அம்மா சாதம் போட்டிருப்பாள்.

இது அந்தப் புத்தகத்தின் நஷ்டம் என்றே நினைக்கிறேன். உலக இலக்கியத்தின் மகத்தான பயண நூல்களில் ஒன்று அது, சந்தேகமில்லை. ஆனாலும் இடமில்லாத ஊரில் கதவைத் திறந்த ஒருத்தியைவிட அழகான காட்சி அந்த எச்சிகோ கரையில் வேறு என்ன கிடைத்திருக்கும்? கையில் கிடைத்ததை விட்டுவிட்டு, இல்லாத இரண்டு பெண்களை அழைத்து வந்தார்.

*

இதோடு தீர்ப்பை முடித்தால் பாஷோவுக்கு அநியாயம். அவர் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது. கடைசியாக அதையும் கேட்டுவிடுங்கள்.

தன்னைப் பற்றிக் கதை கட்டும்போது மனிதர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? தன்னை நல்லவனாகக் காட்டுவார்கள். இரண்டு அபலைப் பெண்களைக் கற்பனையில் உருவாக்கியவர், அதே பேனாவால் அவர்களை இசே வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டிருக்கலாமே? யார் கேட்கப் போகிறார்கள்? பாஷோ அப்படிச் செய்யவில்லை. மறுத்தவனாகத் தன்னை எழுதினார். தெய்வம் துணையிருக்கும் என்று சப்பைக்கட்டுக் கட்டுபவனாக, அப்புறம் மனசு கேட்காமல் நடப்பவனாக எழுதினார். கதவைத் தட்டி நின்ற அனுபவம் பத்து நாளாக உடம்பில் ஊறியிருந்த ஒருவர், மறுப்பவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறார். தன்னை வாசலில் நிற்கவைத்தவர்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தால் அது வெறும் புகார். 300 வருஷம் கழித்து நீங்களும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அதனால்தான் இச்சிபுரி அத்தியாயம் படிக்கிறவரைத் தொந்தரவு செய்கிறது. பாஷோ மேல் கோபம் வந்தது என்றேனே, அந்தக் கோபத்தை வரவழைத்ததே அவர்தான். நம்மைக் கேட்டு எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பார்கள், என்னென்ன மரியாதையான காரணம் சொல்லி அனுப்பியிருப்போம் என்று நினைக்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.

ஆகவே என் சிபாரிசு இது. புத்தகத்தை வாங்குங்கள். வாங்கும்போது, பின்னால் குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சோராவின் டைரி அங்கேதான் எட்டிப் பார்க்கும். முதலில் பாஷோவை மட்டும் படியுங்கள். குறிப்புப் பக்கம் போகவே போகாதீர்கள். இச்சிபுரியில் உங்களுக்கு வரவேண்டிய கோபம் வரட்டும். இரண்டாவது தடவை, சோராவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒருவர் எழுதியது கலை, இன்னொருவர் எழுதியது கணக்கு. அந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட சில மனிதர்கள் கலையில் விடுபட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்தக் கரையில் நடந்தவர்களின் கால் வலி நமக்குத் தெரிகிறது.

இப்போது ஓயாஷிராசுவில் பாறைக்கு மேலே நெடுஞ்சாலை போகிறது, குகைக்குள் ரயில் போகிறது. கடலுக்கு மேல் தூண் கட்டி விரைவுச் சாலையும் போட்டிருக்கிறார்கள். அலையோடு ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இச்சிபுரியில் ஒரு கோயில் வளாகத்தில் அந்த ஹைக்கூவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வந்தே இராத இரண்டு பெண்களின் நினைவாக.

நிஜமாகவே இருந்த அந்த நீகாட்டாத் தாயாரின் சொந்தப் பெயர் டைரியிலும் இல்லை. மகனின் பெயரும் தொழிலும் இருக்கின்றன, அவளை இன்னாரின் அம்மா என்று அடையாளம் சொல்ல. அன்றைக்கு ராத்திரி அவள் என்ன சமைத்துப் போட்டாள் என்று சோரா எழுதவில்லை. வானிலையை எழுதிய கையோடு அதையும் எழுதியிருக்கலாம்.